ஒரணா அணையும் பத்து ரூபாய் இரும்பும்

தபால்தலை சேர்ப்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. நாடு வாரியாகச் சேர்ப்பவர்கள் ஒரு ரகம். பறவை, ரயில், காந்தி என்று பொருள் வாரியாகச் சேர்ப்பவர்கள் இன்னொரு ரகம். நான் மூன்றாவதாக ஒரு வழியில் போய்க்கொண்டிருக்கிறேன். குடியிருக்கும் ஊர் வாரியாகச் சேர்ப்பது. மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு முறை மூட்டை கட்டுகிற வங்கிக்காரனுக்கு இதுதான் வசதி. மாற்றல் ஆர்டர் வந்ததும் பாத்திரம் பண்டம் கட்டுவதற்கு முன்னால், போகிற ஊரைப் பற்றி ஏதாவது தபால்தலை வந்திருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்வேன். ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் அந்தத் தலைகளைக் கையில் வைத்துக்கொண்டு ஊரைப் பார்ப்பேன். ஒரு ஊரை இப்படிப் படிக்கலாம் என்பது பி.காம். பாடத்தில் இல்லை, பரவாயில்லை.

அப்படி எனக்கு வாய்த்த ஊர்களில் தன்பாத் ஒரு பெரிய புதையல். நம்மவர்களில் பலருக்கு இந்த ஊர் ஒரு ரயிலின் பெயராகத்தான் பழக்கம். சேலம், ஈரோடு, கோவை வழியாக ஆலப்புழை போகும் ரயில் புறப்படும் ஊர். இங்கே குடித்தனம் நடத்துகிற தமிழ்க் குடும்பங்களுக்கு அது தெரிந்த விஷயம். ஊறுகாய் ஜாடியும் அரிசி முறுக்கும் வந்து சேர்வது அந்த ரயிலில்தான். ஆனால் நாம் குடியிருக்கும் மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது, அது எப்படி மேலே வந்தது என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. பள்ளிப் புத்தகத்தில் 'ஜரியா - நிலக்கரி' என்று ஒரு கோடு போட்டுப் பொருத்தச் சொல்வார்கள், அவ்வளவுதான். அந்தக் கோட்டைக் கொஞ்சம் நீட்டிப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கரியும் தபாலும் ஒரே காலத்துப் பிள்ளைகள்

தாமோதர் ஆறு சோட்டா நாகபுரி மேட்டில் பிறந்து வங்காளத்துக்குள் இறங்கிப் போகிறது. அதன் இரு கரையிலும் பூமிக்கடியில் நிலக்கரி. கிழக்கே ராணிகஞ்ச், மேற்கே ஜரியா, அதற்கும் மேற்கே பொகாரோ. 1774-ல் ஹீட்லி, சம்னர் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் ராணிகஞ்ச் பக்கம் கரி வெட்ட ஆரம்பித்தார்கள். 1836-ல் அந்தப் பக்கத்துச் சுரங்கம் ஒன்றை விலைக்கு வாங்கியவர் துவாரகநாத் தாகூர், கவி ரவீந்திரநாத்தின் தாத்தா.

நாடு முழுவதற்குமான தபால்தலை 1854 அக்டோபரில் வந்தது. அரை அணா ஒட்டினால் கால் தோலா எடைக் கடிதம் இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் போகும், தூரக் கணக்கு கிடையாது. அதற்கு நான்கே மாதத்தில், 1855 பிப்ரவரியில், ஹௌராவிலிருந்து ராணிகஞ்ச் வரை ரயில் ஓடியது. டல்ஹௌசி பிரபு காலத்தில் இரண்டும் அடுத்தடுத்து நடந்தன. ராணிகஞ்ச் வரை தண்டவாளம் போட்டதற்கு முக்கியக் காரணமே கரிதான். கரி எடுக்கப் போன ரயிலே தபாலையும் தூக்கிக்கொண்டு போனது. தபால்தலையும் நிலக்கரியும் எந்த வகையில் உறவு என்று யாராவது கேட்டால், இதைச் சொல்லிவிடலாம்.

ஆல்பத்தில் இந்த வட்டாரத்துக்கு நான் வைத்திருக்கும் முதல் தலை 1951 ஜனவரியில் வந்த இரண்டு அணாத் தலை. இந்திய மண்ணியல் ஆய்வுத் துறையின் நூற்றாண்டுக்காக வெளியிட்டது. அந்தத் துறை 1851-ல் தாமஸ் ஓல்டாம் தலைமையில் ஆரம்பித்ததே, கரி எங்கெங்கே இருக்கிறது என்று கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. அவருக்கு முன்னால் அதே வேலைக்கு வந்த வில்லியம்ஸ் என்பவர் 1848-ல் இந்தக் காட்டில் காய்ச்சல் கண்டு இறந்து போனார். சரி, நூற்றாண்டுத் தலையில் என்ன படம் போட்டார்கள்? கரியா, சுரங்கமா? இல்லை. யானை! ஸ்டெகோடான் கணேசா என்ற, எப்போதோ அழிந்துபோன, நீண்ட தந்தமுள்ள யானை. அழகான தலை, சந்தேகமில்லை. ஆனால் இனி வரப்போகிற எல்லாவற்றுக்கும் அது பிள்ளையார் சுழி மாதிரி அமைந்துவிட்டது.

ஒரே வரிசையில் நான்கு தலைகள்

1955 ஜனவரி 26 அன்று ஐந்தாண்டுத் திட்ட வரிசை என்று ஒரு தொகுதி வெளியானது. மூன்று பையில், அதாவது கால் அணாவில், ஆரம்பித்துப் பத்து ரூபாய் வரை. (அப்போதைய கணக்கு வேறு. ஒரு அணாவுக்குப் பன்னிரண்டு பை, பதினாறு அணா ஒரு ரூபாய். தசம நாணயம் 1957 ஏப்ரல் 1-ல்தான் வந்தது.) டிராக்டர், விசைத்தறி, கமலைக் கிணறு, நூற்கும் பெண் என்று புது இந்தியாவே அதில் வரிசையாக நிற்கும். நாசிக் அச்சகத்திலிருந்து வந்த வரிசைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இந்த வரிசையில் நான்கு தலைகள் தாமோதர் கரையையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவை. ஒரே வட்டாரத்துக்கு நான்கு இடம் கிடைப்பது சாதாரண விஷயமில்லை.

முதலாவது, ஒரு அணா. தாமோதர் பள்ளத்தாக்கு அணை. 1943-ல் தாமோதர் கரையை உடைத்துக்கொண்டு பாய்ந்ததில் கல்கத்தாவுக்கான ரயில், ரோடு எல்லாம் அறுந்துபோனது. அதன் பிறகுதான் அமெரிக்காவின் டென்னசி திட்டத்தைப் பார்த்து 1948 ஜூலையில் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் ஏற்பட்டது. 1953-ல் திலையா, 1955-ல் கோனார், 1957-ல் மைதன், 1959-ல் பஞ்சேத் என்று அணைகள் எழுந்தன.

இரண்டாவது, எட்டு அணா. சித்தரஞ்சன் ரயில் எஞ்சின் தொழிற்சாலை. 1950-ல் முதல் நீராவி எஞ்சின் வெளியே வந்தது. 1972-க்குள் 2,351 நீராவி எஞ்சின்கள். பிறகு முழுக்க மின்சார, டீசல் எஞ்சின்களுக்கு மாறிவிட்டார்கள்.

மூன்றாவது, ஐந்து ரூபாய். சிந்த்ரி உரத் தொழிற்சாலை. 1951 அக்டோபர் கடைசியில் உற்பத்தி ஆரம்பித்தது, 1952 மார்ச்சில் நேரு வந்து நாட்டுக்கு அர்ப்பணித்தார். தன்பாத்திலிருந்து கூப்பிடு தூரம். ராஜஸ்தானத்து ஜிப்சம், உள்ளூர்க் கரி இரண்டும் சேர்ந்து அம்மோனியம் சல்பேட். நம் ஊர் வயல்களுக்கு ரசாயன உரம் பழக்கமான காலத்தில், பொதுத்துறையில் எழுந்த முதல் பெரிய உர ஆலை இது.

நான்காவது, பத்து ரூபாய். உருக்காலை. வரிசையிலேயே உயர்ந்த மதிப்பு. சாதாரணக் கடிதத்தில் இதைப் பார்க்க முடியாது. பார்சல், இன்ஷூர் தபால், தந்தி ஃபாரம் போன்றவற்றில் ஒட்டியிருப்பார்கள். பத்து ரூபாய் என்றால் 160 அணா. ஒரு உருக்காலைக்கு 160 அணைகள் சமம் :-)

இந்த நான்கையும் அட்டையில் ஒட்டி என் பெண்ணின் பள்ளி ப்ராஜக்டுக்குக் கொடுத்தேன். 'நாம் வாழும் வட்டாரம்' என்று தலைப்பு. ஒவ்வொன்றாக விளக்கி முடித்தேன். அவள் பூதக்கண்ணாடியை வைத்து நான்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "கரி எங்கப்பா?"

நியாயமான கேள்வி.

கரி எங்கே?

சிந்த்ரிக்கு வாயு கொடுத்தது கரி. சித்தரஞ்சனில் பிறந்த எஞ்சின் தின்றது கரி. அது இழுத்துக்கொண்டு போன வேகன்களில் பாதிக்கு மேல் இந்தப் பக்கத்தில் ஏற்றியதும் கரிதான். உருக்காலைக்கு இரும்புத் தாது எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் கோக் கரி, அதற்கு நாட்டிலேயே பெயர் போன இடம் ஜரியா. அணைகளைக் கட்டிய அதே கழகம் 1953-லேயே பொகாரோவில் அனல் மின் நிலையத்தை ஓட்ட ஆரம்பித்துவிட்டது, அதற்கும் கரி. நான்கு தலைகளுக்கும் அடியில் ஓடுவது ஒரே பொருள். ஆனால் நான்கிலும் அது கண்ணுக்குத் தெரியாது. தெரிவது சிமெண்ட்டும் சிம்னியும் இரும்பும்.

கரியே தெரியாதபோது அதை வெட்டியவர் எங்கே தெரியப்போகிறார்!

இங்கே இரண்டு தேதிகளைச் சொல்ல வேண்டும். ஐந்தாண்டுத் திட்ட வரிசை வெளியானது 1955 ஜனவரி 26. பத்தே நாள் கழித்து, பிப்ரவரி 5 அன்று, ஜரியா வயலைச் சேர்ந்த அம்லாபாத் சுரங்கத்தில் வெடிப்பு. 52 பேர் இறந்தார்கள். மூன்று வருடம் கழித்து, 1958 மார்ச் 1 அன்று, உருக்குத் தொழிலின் பொன்விழாவுக்காக 15 நயா பைசாத் தலை வந்தது; ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் முகமும் உருக்காலையும். அதற்குப் பத்து நாள் முன்பு, பிப்ரவரி 19 அன்று, ராணிகஞ்ச் வயலில் சினாக்குரி சுரங்கத்தில் வெடிப்பு. 170 பேருக்கு மேல் இறந்தார்கள்.

ஒரு தலையை வரைந்து, ஒப்புதல் வாங்கி, அச்சடித்து, ஊர் ஊராக அனுப்ப மாதக்கணக்கில் ஆகும். ஆகவே யாரும் தெரிந்தே ஒன்றைக் காட்டி மற்றதை மறைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் ஆல்பத்தில் அந்த இரண்டு தலைகளுக்குக் கீழேயும் பென்சிலால் இந்தத் தேதிகளைக் குறித்து வைத்திருக்கிறேன். பாஸ்புத்தகத்தில் வரவு மட்டும் எழுதிப் பற்று எழுதாமல் விட்டால் அது கணக்கா?

டாட்டா விஷயத்திலும் இப்படி ஒன்று உண்டு. மயூர்பஞ்ச் பகுதியில் கோருமஹிசானி மலையில் நல்ல இரும்புத் தாது இருக்கிறது என்று 1904 பிப்ரவரியில் டாட்டாவுக்குக் கடிதம் எழுதியவர் பிரமதநாத் போஸ். மண்ணியல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தக் கடிதம் வந்து மூன்று மாதத்துக்குள் ஜாம்ஷெட்ஜி காலமாகிவிட்டார். கம்பெனி 1907-ல் ஏற்பட்டு, 1912-ல் முதல் உருக்கு வந்தது. ஒரு தபால் உறைக்குள் வந்த தகவல் ஒரு நகரத்தையே உண்டாக்கியது! தபால்தலை சேர்ப்பவர்கள் மறக்கவே கூடாத கடிதம் அது.

ஒரணா அணைக்கும் ஒரு முகம் உண்டு, தலையில் இல்லாத முகம். 1959 டிசம்பர் 6 அன்று பஞ்சேத் அணையைத் திறக்க நேரு வந்தார். பொத்தானை அழுத்தத் தான் வேண்டாம், கட்டியவர்களில் ஒருவர் அழுத்தட்டும் என்றார். அழுத்தியவர் புத்னி மெஜான் என்ற சந்தால் பெண், அணை வேலையில் கூலி. வயது பதினைந்து. நேருவுக்கு மாலை போட்டுவிட்டதால் அவர் நேருவுக்குக் கட்டுப்பட்டவள் என்று சொல்லி ஊரார் அவரைத் தள்ளி வைத்தார்கள். 1962-ல் வேலையும் போனது. எண்பதுகளில்தான் மீண்டும் வேலை கிடைத்தது. 2023 நவம்பரில் அவர் இறந்தபோது இங்குள்ள பத்திரிகைகளில் அந்தப் பழைய போட்டோ மறுபடி வந்தது. அதைப் பார்த்த பிறகு அந்த ஒரணாத் தலையை என்னால் முன்போல் பார்க்க முடியவில்லை.

மற்ற நாடுகளில்?

சுரங்கத்தைத் தபால்தலையில் போடும் வழக்கமே அந்தக் காலத்தில் கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். நியூஃபவுண்ட்லாந்து 1897-லேயே ஐந்து சென்ட் தலையில் சுரங்க வேலையைப் போட்டது, எங்கள் சொத்து இது என்று காட்டிக்கொள்வதற்காக. ஜெர்மனி-பிரான்ஸ் எல்லையில் உள்ள சார் பகுதி 1921-ல் வெளியிட்ட வரிசையில் கரி வெட்டும் தொழிலாளியே இருக்கிறார். முதல் உலகப்போருக்குப் பின் அந்தச் சுரங்கங்கள் பிரான்ஸிடம் போயிருந்தன. மண் யாருக்கு என்று 1935-ல் வாக்கெடுப்பு நடக்க இருந்தது. சுரங்கமே வழக்கின் மையமாக இருந்ததால் அது தலையில் ஏறியது.

நமக்கு ஐம்பதுகளில் வேறு அவசரம். சுரங்கம் என்றால் வெள்ளைக்காரன் தோண்டி எடுத்துப் போனது; தொழிற்சாலை என்றால் நாமே கட்டியது. எதைக் காட்டிப் பெருமைப்பட வேண்டும் என்பதில் அன்று யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. இது என் ஊகம்தான். ஆனால் இது தாமோதர் கரைக்கு மட்டும் நேர்ந்ததில்லை என்பதற்கு அதே வரிசையில் நம்மூர்ப் பக்கத்து சாட்சி ஒன்று இருக்கிறது.

இரண்டு ரூபாய்த் தலையை எடுத்துப் பாருங்கள். ஆலுவாவில் உள்ள அருமண் தொழிற்சாலை. அங்கே பதப்படுத்தியது மோனசைட் என்ற தாதுமணல். அது வந்தது கேரளத்துச் சவராவிலிருந்தும், நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலிருந்தும். 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலிலிருந்து அதைக் கண்டுபிடித்தார் என்பார்கள். அதே வரிசையில் ஒரு ரூபாய் இரண்டு அணாத் தலையில் கன்னியாகுமரி முனையே இருக்கிறது. (1955-ல் அது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது, நம்மோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல்.) ஆக, கடல் இருக்கிறது, ஆலை இருக்கிறது. நடுவில் மணல் வாரியவரைக் காணோம். கறுப்புக் கரிக்கு நடந்ததேதான் கறுப்பு மணலுக்கும்.

உறையைத் தூக்கிப் போடாதீர்கள்

சின்ன வயதில் நாம் எல்லாரும் ஒன்று செய்தோம். கவரிலிருந்து தலையைக் கத்தரித்து, தண்ணீரில் ஊறப்போட்டு, உரித்து, காயவைத்து ஒட்டினோம். உறை குப்பைக்குப் போனது. ஒரு சுரங்க வட்டாரத்தின் கதை தேவையென்றால் அந்தக் குப்பையில்தான் பாதி இருக்கிறது.

தன்பாத்தில் பழைய பேப்பர் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் இன்னும் பழைய உறைகள் கிடைக்கும். தபால் முத்திரையில் ஜரியா, கத்ராஸ்கர், சிஜுவா, பௌரா, லோயாபாத், குமார்துபி, சிர்குண்டா என்று ஊர்ப் பெயர்கள். முகவரியில் 'மான்பூம் ஜில்லா' என்று இருந்தால் அநேகமாக 1956-க்கு முந்தியது. தன்பாத் தனி ஜில்லா ஆனது அதற்குப் பிறகு. உறையின் மூலையில் கம்பெனிப் பெயர் அச்சடித்திருக்கும். கல்கத்தா வெள்ளைக்கார ஏஜென்சிகள், வங்காளிகள், மார்வாடிகள், கட்ச் பக்கத்திலிருந்து வந்த குஜராத்திகள். ஒரு சில தலைகளில் குண்டூசியால் குத்தியது போல் எழுத்து வடிவில் ஓட்டைகள் இருக்கும். ஆபீஸ் தலையைக் குமாஸ்தா வீட்டுக்குக் கொண்டுபோய் விடக்கூடாது என்று கம்பெனிகள் தங்கள் பெயரின் முதலெழுத்துக்களைக் குத்தி வைப்பார்கள். ஓட்டை விழுந்த தலை என்று தள்ளிவிடாதீர்கள். முதலாளி நம்பாமை என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது :-)

1970-களில் வரும் உறைகளில் இந்தப் பெயர்கள் எல்லாம் சட்டென்று மறைந்துவிடும். கோக் கரிச் சுரங்கங்களின் நிர்வாகத்தை 1971 அக்டோபரில் அரசு எடுத்துக்கொண்டது. 1972 மே 1-ல் அவை தேசியமயமாயின. மற்றச் சுரங்கங்கள் 1973-ல். அதற்குப் பிறகு உறைகளில் பாரத் கோக்கிங் கோல் என்று ஒரே பெயர்தான். நூற்றுக்கணக்கான முதலாளிகள் போய் ஒரே முதலாளி வந்ததை நான்கு வரியில் புத்தகம் சொல்லும். உறைகளை வருட வாரியாக அடுக்கினால் கண்ணாலேயே பார்க்கலாம்.

பெருவிரல் பட்ட தலை

தலையில் அரசாங்கம் தெரிகிறது, உறையில் முதலாளி தெரிகிறார். தொழிலாளி?

அவர் தொட்ட தபால் காகிதம் முக்கியமாக மணியார்டர் ஃபாரம். கயா, முங்கேர், கோரக்பூர், பிலாஸ்பூர் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் சம்பளம் வாங்கியதும் வீட்டுக்குப் பணம் அனுப்பினார்கள். 1880-ல் தபால் இலாகா ஆரம்பித்த அந்தப் பழைய மணியார்டர் சேவை 2015 ஏப்ரலோடு நின்றது. அடியில் நான்கு வரி எழுத இடம் விட்டிருப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்தத் துண்டை வீட்டில் பத்திரப்படுத்தியவர்கள் யாராவது இருந்தால், அது எந்தப் பத்து ரூபாய்த் தலையையும் விடப் பெரிய சொத்து.

அவர் தொட்ட இன்னொன்று ரெவின்யூ ஸ்டாம்ப். 1899-ம் வருட முத்திரைச் சட்டப்படி இருபது ரூபாய்க்கு மேல் பணம் வாங்கினால் ஒரு அணா ஸ்டாம்ப் ஒட்டி அதன்மேல் கையெழுத்துப் போட வேண்டும். இன்றைக்கு 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் ஸ்டாம்ப். எழுதத் தெரியாதவர் பெருவிரல் வைப்பார். தபால்தலை சேர்ப்பவர்களில் பாதிப் பேர் ரெவின்யூ ஸ்டாம்பை ஆல்பத்துக்குள் விடவே மாட்டார்கள், அதில் பார்க்கப் படம் எதுவும் இல்லை என்று. எனக்கோ அதுதான் இந்த வட்டாரத்தின் உண்மையான சுரங்கத் தலை என்று தோன்றுகிறது. பழைய ரசீதுகளில் அந்தச் சின்ன சதுரத்தின்மேல் கோடு கோடாக ஒரு விரல். அது ஒருவருடைய முகத்துக்குச் சமம்.

இதை நான் ஆபீஸில் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன். நவம்பர் மாதம் வந்தால் எங்கள் கிளையில் ஓய்வூதியக்காரர்கள் கூட்டம். 1998-ம் வருட நிலக்கரிச் சுரங்க ஓய்வூதியத் திட்டத்தில் பணம் வாங்கும் பெரியவர்கள். உயிரோடு இருக்கிறேன் என்று சான்று தர வேண்டும். மெஷினில் விரல் வைக்கச் சொன்னால் பலருக்கு ரேகை விழாது. முப்பது வருடம் கரியும் கல்லும் தேய்த்த விரல். ஒருவர் நான்காவது தடவையும் விழாமல் போனதும் சிரித்துக்கொண்டே, "ரேகை கீழேயே இருக்கிறது சாஹேப், போய் எடுத்து வரட்டுமா?" என்றார். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். காகிதப் படிவத்தில் சான்று வாங்கி அவருக்கு முடித்துக் கொடுத்தோம். ஆனால் அந்தச் சொல் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அந்த ரேகைகள் அவர் இளைஞராக இருந்தபோது போட்ட ஏதோ ஒரு சம்பள ரசீதின் ஸ்டாம்ப்பில் இன்னும் முழுசாக இருக்கும் அல்லவா?

மெரினாவிலிருந்து ஒரு தலை

ஐம்பதுகளில் வந்த தலைகளில், பாறையோடு மல்லுக்கட்டும் உழைப்பாளிகளைக் காட்டும் ஒன்று என்னிடம் இருக்கிறது. 1959 ஜூன் 15 அன்று, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் நாற்பதாவது ஆண்டுக்காக வந்த 15 நயா பைசாத் தலை. நான்கு பேர் ஒரு பெரும் பாறையை நெம்பித் தள்ளுகிறார்கள். உங்களுக்குத் தெரிந்த இடம்தான். மெரினா கடற்கரை உழைப்பாளர் சிலை! சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது; அதே வருடம் ஜனவரியில்தான் கடற்கரையில் வைத்தார்கள். பீச்சுக்குப் போய் அதன் அடியில் சுண்டல் தின்றபோது யார் நினைத்தோம், அது தலையில் ஏறிய சிலை என்று!

அவர்கள் சுரங்கத் தொழிலாளிகள் இல்லை. செய்தவர் வங்காளி, நிற்பது சென்னையில். ஆனாலும் என் தன்பாத் பக்கத்தில் அந்தத் தலைக்கு இடம் கொடுத்திருக்கிறேன். ஆல்பத்தில் அந்தப் பக்கம் இப்போது இப்படி இருக்கிறது: மேலே யானை. அதற்குக் கீழே அணை, எஞ்சின், உரம், உருக்கு நான்கும் ஒரே வரிசை. ஓரத்தில் பென்சிலில் இரண்டு தேதிகள். அதன் கீழ் கத்ராஸ்கர் முத்திரை குத்திய முழு உறை ஒன்று. கடைசி வரிசையில் உழைப்பாளர் சிலையும், பக்கத்தில் பெருவிரல் பதிந்த ஒரு பழைய ரெவின்யூ ஸ்டாம்ப்பும். நிபுணர்கள் பார்த்தால் விதிப்படி இல்லை என்பார்கள், சொல்லட்டும்.

தலையில் இருந்தவையும் நிரந்தரமில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஐந்து ரூபாய்த் தலையில் புகை விட்ட சிந்த்ரி ஆலை 2002-ல் மூடப்பட்டது. அங்கேயே புதிய உர ஆலை 2024 மார்ச் 1 அன்று திறக்கப்பட்டது. அது ஓடுவது இயற்கை எரிவாயுவில், கரியில் இல்லை. ஜரியாவில் 1916-ல் பிடித்த பூமிக்கடித் தீ இன்னும் முழுக்க அணையவில்லை. அதன் மேல் குடியிருந்தவர்களை வேறு இடத்துக்கு மாற்றும் வேலை வருடக்கணக்காக நடக்கிறது. கரியை விட்டு நாடு நகர்ந்துகொண்டிருக்கிறது. நகர்ந்து முடிந்த பிறகு இங்கே என்ன நடந்தது என்று கேட்கிறவர்களுக்கு, காகிதத்தில் எது மிஞ்சுகிறதோ அதுதான் பதில்.

நீங்கள் பொகாரோவிலோ, ஆசன்சோலிலோ, ரூர்கேலாவிலோ, கோர்பாவிலோ இருந்தால், பிள்ளைகளுக்கு ஒரு ஆல்பம் வாங்கிக் கொடுங்கள். அதிகச் செலவில்லை, இந்த வரிசையில் சின்ன மதிப்புத் தலைகள் பயன்படுத்தியவை மிக மலிவு. நாடு வாரியாக வேண்டாம், ஊர் வாரியாக ஒட்டச் சொல்லுங்கள். உறையோடு கிடைத்தால் உறையோடு வைக்கட்டும். ஒவ்வொரு தலைக்கும் அடியில், இதில் யார் இல்லை என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த வரிக்குப் பதில் தேடிப் போனால் அக்கம்பக்கத்தில் ஒரு பெரியவர் கிடைப்பார். அவரிடம் கேட்க வேண்டியதை இப்போதே கேட்டுவிட வேண்டும். அவர் வேலை பார்த்த பிட்டின் பெயர் என்ன, எத்தனை அடி ஆழம், முதல் சம்பளம் எவ்வளவு. தேதியோடு எழுதி அந்தத் தலைக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.